காற்றாட விட்ட கோட்டு

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்த ஃபோன் வந்தபோது கறை அக்கா ஒரு வெள்ளைச் சட்டைக் காலரில் கொட்டியிருந்த மையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பேசி முடித்துவிட்டுப் பின்னறையிலிருந்து கவுண்டருக்கு வந்து என் எதிரில் நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

"ரெண்டாவது இன்டர்வியூவுக்கு வரச் சொல்றாங்க."

"நல்லதுதானே அக்கா. அதுக்கு ஏன் இப்படி நிக்கிறீங்க?"

"வியாழக்கிழமை பத்து மணிக்கு. நான் மட்டும்தானாம், வேற யாரையும் கூப்பிடலையாம். ஏதோ ஒரு விஷயம் நேர்ல கேட்கணுமாம்."

"எப்ப வந்து வேலைல சேருவீங்கன்னு கேப்பாங்க."

"அதை ஃபோன்லயே கேட்டிருக்கலாமே."

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா பயப்படுவது எங்கள் வீட்டில் ஒரு செய்தியே அல்ல.

அவள் என் கணவரின் உடன்பிறந்த அக்கா. அவர் கூப்பிடுவதைக் கேட்டு நானும் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். கறை என்பது கடையில் ஒட்டிக்கொண்டது. நாற்பத்தேழு வயது. எங்களோடுதான் இருக்கிறாள். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனபின் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அடுப்பை அணைத்தோமா என்று பஸ்ஸில் ஏறியபிறகு கேட்பாள். கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று ஒருமுறை கேட்டதற்கு, "பயமா இருந்துச்சு" என்றாள். விளையாட்டுக்குச் சொன்னாளா நிஜமாகவே சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் கடை ஒரு ட்ரை கிளீனிங் கடை. வருகிற துணியை வாங்கி, எண் போட்ட மஞ்சள் டேக்கை மாட்டி உள்ளே அனுப்புவது என் வேலை. கறை எடுப்பது அக்காவின் வேலை. பதினாறு வருஷமாக அதுதான். முகர்ந்து பார்த்தே டீயா காபியா, நேற்றையதா போன மாசத்ததா என்று சொல்லிவிடுவாள். கறைக்குப் போடுகிற திரவங்களை எல்லாம் நாங்கள் மொத்தமாக மருந்து என்போம். துணிக்குத்தான் அது மருந்து. அக்காவின் நெஞ்சை அது அரித்துவிட்டது. முதலில் காலையில் மட்டும் இருமினாள், பிறகு படியேறும்போது, பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போதும். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "இந்த வாடையை நீங்க விடணும். இல்லைன்னா அது உங்களை விடாது" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அன்றிலிருந்து அக்காவுக்கு மற்ற பயமெல்லாம் சின்னதாகி இந்த ஒன்று பெரிதாகிவிட்டது. ராத்திரி தன் மூச்சையே எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறேன் என்றாள்.

அப்போதுதான் அந்தப் பெரிய ஹோட்டலில் துணி அறைக்கு ஆள் தேவை என்று தெரிந்தது. ஊழியர்களின் சீருடை, தங்க வருகிறவர்கள் துவைக்கக் கொடுக்கிற உடுப்பு, எல்லாவற்றையும் எண்ணி எழுதி வாங்கிப் பூட்டிவைத்துத் திருப்பிக் கொடுக்கிற வேலை. மருந்து கிடையாது. அறையில் இரண்டு ஜன்னல் இருக்கிறதாம். போன வியாழக்கிழமை முதல் இன்டர்வியூவுக்குப் போய்வந்தவள் வேலையைப் பற்றிப் பேசியதைவிட அந்த ஜன்னல்களைப் பற்றித்தான் அதிகம் பேசினாள்.

இப்போது கோட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதை வெளியாட்களிடம் சொல்லக்கூடாது, இருந்தாலும் சொல்லாமல் கதை நகராது. கொடுத்த துணியைத் திரும்ப வாங்க வராதவர்கள் எல்லாக் கடையிலும் இருப்பார்கள். மூன்று மாசம் தாண்டினால் அந்தத் துணி பின்னாலிருக்கும் கடைசிக் கம்பிக்குப் போய்விடும். அதற்குக் கம்பிவலைக் கதவும் பூட்டும் உண்டு, சாவி என்னிடம். கடையில் யாருக்காவது ஒரு விசேஷம், ஒரு முக்கியமான இடம் என்றால் அதிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்வது வழக்கம். இதற்குக் காற்றாட விடுவது என்று பெயர். பூட்டியே கிடந்தால் துணி வீணாகிவிடும், பாவம், கொஞ்சம் காற்றாடட்டும் என்று சமாதானம். அதற்குச் சட்டதிட்டமும் இருக்கிறது. போட்டுக்கொண்டு சாப்பிடக்கூடாது. போட்டவரே துவைத்து, தேய்த்து, அதே இடத்தில் மாட்ட வேண்டும். முதலாளிக்கு இது தெரியாது. தெரிந்தால் முதலில் வெளியே போகப்போவது சாவிக்காரி.

பதினாறு வருஷத்தில் அக்கா ஒரு கைக்குட்டையைக்கூடக் காற்றாட விட்டதில்லை. பயம். முதல் இன்டர்வியூவுக்கு முந்தின நாள் நான்தான் பதினோரு மாசமாகத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கருநீலக் கோட்டை எடுத்து வந்து நீட்டினேன். "வேண்டாம்டி" என்று மூன்று தடவை சொன்னாள். போட்டுப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. அளவெடுத்துத் தைத்தது மாதிரி தோளில் உட்கார்ந்தது. கூனிக் கூனி மேசை மேல் வேலை பார்த்தவள் கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆக, இரண்டாவது இன்டர்வியூவுக்கும் அதே கோட்டு என்று நான் முடிவே கட்டிவிட்டேன். செவ்வாய் சாயங்காலம் கடை அடைக்கும் நேரத்தில் பூட்டைத் திறந்து அதை எடுத்தேன். கடைசிப் பொத்தான் துளையில் மஞ்சள் டேக் தொங்கியது. கழற்றுவதற்குக் கை வைத்தவள் அப்படியே நின்றேன்.

வழக்கப்படி டேக்கைக் கழற்றி என் கவுண்டர் டிராயரில் வைப்பேன், துணி திரும்பி வந்ததும் மாட்டுவேன். போன தடவை டிராயரில் எதையும் வைத்ததாக நினைவில்லை. திரும்ப மாட்டியதாகவும் நினைவில்லை.

"அக்கா," என்றேன். "போன வாரம் இந்த டேக்கை நீங்க கழட்டினீங்களா?"

"நீதானே கழட்டுவ?"

இரண்டு பேரும் அந்த மஞ்சள் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். வேறு எந்த மனுஷியாக இருந்தாலும் போடும்போதே கண்ணில் பட்டிருக்கும். எங்களுக்கு டேக் இல்லாத துணிதான் வித்தியாசமாகத் தெரியும்; நாள் முழுக்கப் பார்க்கிற மஞ்சளைக் கண் கண்டுகொள்வதே இல்லை. அதில் எங்கள் கடைப் பெயர் இருக்கிறது, எண் இருக்கிறது, கோட்டைக் கொடுத்த தேதி இருக்கிறது. கடைசிப் பொத்தானை அக்கா போடுவதில்லை, உட்காரும்போது இழுக்கும் என்பாள். அப்படியானால் அது இடுப்பருகே எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

அக்கா அங்கேயே ஒரு துணிமூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். "இன்டர்வியூ எடுத்தவங்கள்ல அந்தக் கண்ணாடி போட்ட அம்மா என் வயித்தையே ரெண்டு மூணு தடவை பார்த்தாங்க. என் தொப்பையைத்தான் பார்க்கிறாங்கன்னு மூச்சை உள்ள இழுத்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் என்னவோ எழுதினாங்க."

"என்ன எழுதினாங்க?"

"எனக்கெப்படித் தெரியும்? இப்பத் தெரியுது."

அடுத்தவர் துணியைப் பத்திரமாக வைத்துக் காக்கிற வேலைக்கு, அடுத்தவர் கோட்டை மாட்டிக்கொண்டு, அதற்கான அத்தாட்சியையும் இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு போயிருக்கிறாள். நேரில் கேட்க வேண்டிய அந்த ஒரு விஷயம் என்னவென்று இப்போது எங்களுக்குப் புரிந்தது. நான் டேக்கைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டு, கோட்டை வீட்டுக்குக் கொண்டுபோகப் பையில் வைத்தேன். எனக்கு வந்த பயம் அக்காவை நினைத்து மட்டும் இல்லை.

புதன்கிழமை முழுக்க எங்கள் இரண்டு பேருக்குள் இதே பேச்சு. அந்த ஹோட்டலுக்குப் போகாமலே இருந்துவிடலாம் என்று அக்கா தொடங்கினாள். போகாவிட்டால் சந்தேகம் உறுதியாகிவிடும், கடைக்கே ஃபோன் பண்ணுவார்கள் என்றேன். கடைக்கு ஃபோன் என்றதும் அவள் முகம் வெளிறியது. கம்பியிலிருந்து வேறு கோட்டு எடுக்கலாமா என்றால், ஒன்றுக்கு இரண்டாகிவிடும். புதிதாக ஒன்று வாங்கலாமென்று சாயங்காலம் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தோம். அக்கா எதைத் தொட்டாலும் பின்பக்கம் திருப்பிப் பார்த்து, "இது ரெண்டு துவைப்புக்குத் தாங்காது" என்று சொன்னதில் கடைக்காரப் பெண்ணுக்கு எரிச்சல் வந்ததுதான் மிச்சம். என் உடுப்பு எதுவும் அவளுக்குப் பத்தாது. அவளுடையது என்று பார்த்தால் உருப்படியாக ஒரு வெள்ளைச் சட்டையும் சாம்பல் கால்சட்டையும் இருந்தன. சட்டையில் இடது கை முனையில் மருந்து தெறித்துப் பொடிப்பொடியாக நாலைந்து ஓட்டை. ஊரார் துணியை எல்லாம் புதுசாக்கிக் கொடுப்பவளின் அலமாரியில் ஓட்டையில்லாத சட்டை ஒன்றுகூட இல்லை.

என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே, "எதையாவது போட்டுட்டுப் போக்கா. அவங்க என்ன உன்னைப் பொண்ணு பார்க்கவா வர்றாங்க?" என்றார். அவருக்கு டேக் விஷயம் தெரியாது. சொன்னால் அவர் மூன்று நாள் தூங்கமாட்டார், அக்காவின் தம்பியல்லவா.

அவர் வெளியே போனதும் நான் கதவைச் சாத்திவிட்டு என் யோசனையைச் சொன்னேன். அந்தக் கோட்டையே போட்டுக்கொண்டு போவது. டேக் இருக்காது. கேட்டால், என்னுடைய கோட்டுதான், எங்கள் கடையிலேயே துவைக்கக் கொடுத்தேன், டேக்கைக் கழற்ற மறந்துவிட்டேன் என்று சிரித்துவிட வேண்டியது. கடையில் வேலை செய்கிறவள் சொந்தக் கோட்டை அங்கேயே துவைக்கக் கொடுப்பதில் என்ன தப்பு? யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அக்கா கோட்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் கண்ணாடிக்கார அம்மாவாக எதிரில் உட்கார்ந்தேன்.

"நல்ல கோட்டு. உங்களோடதா?"

"ஆமாங்க, என்னோட..." என்று தொடங்கியவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி. மறுபடியும் அதே இடத்தில் இருமல். ஐந்து தடவை பார்த்தோம். ஐந்திலும் 'என்னோட' என்ற சொல்லைத் தாண்ட முடியவில்லை. மருந்து வாடையால் வந்த இருமல் இல்லை அது. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"எனக்கு வரலைடி," என்றாள். "அவங்க முன்னாடி இப்படி இருமினா அதுலயே தெரிஞ்சுடும். உள்ளதைச் சொல்லிடட்டுமா?"

உள்ளதைச் சொன்னால் அடுத்த கேள்வி யார் எடுத்துக் கொடுத்தது என்பதுதான். என் கணவருக்கு வருஷத்தில் பாதி நாள்தான் வேலை. வீடு ஓடுவது என் கவுண்டர் வேலையில். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது இதுதான்: மூச்சு விட முடியாமல் என் எதிரே உட்கார்ந்திருந்தவளிடம் நான் சொன்னது, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அக்கா. என் நிலைமை உங்களுக்குத் தெரியும்" என்பது மட்டும்தான். அவள் தலையாட்டினாள். கோட்டைக் கழற்றி, தோள்பட்டை மடங்காமல் ஹேங்கரில் மாட்டினாள்.

வியாழக்கிழமை காலை நான் கடைக்குக் கிளம்பும்போது அவள் குளித்துவிட்டு உள்ளே இருந்தாள். கதவு சாத்தியிருந்தது. ஹேங்கர் கதவின் இந்தப் பக்கம் தொங்கியது, கோட்டோடு. அப்படியென்றால் வெள்ளைச் சட்டை; உள்ளதைச் சொல்லப்போகிறாள். உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்கலாமென்று கை கதவு வரைக்கும் போனது. என்ன கேட்பது? கோட்டைப் பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், யாரும் வருவதற்குள் டேக்கை மாட்டி, கடைசிக் கம்பியில் தொங்கவிட்டுப் பூட்டினேன். பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை மூன்று பேருக்கு ஆள் மாற்றித் துணி கொடுத்தேன்.

பன்னிரண்டரைக்கு அக்கா வந்தாள். வந்தவள் நேராகப் பின்னறைக்குப் போகாமல் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். சட்டையின் இடது கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தாள், ஓட்டை தெரியாமல் இருக்க.

"உட்காரச் சொன்னாங்க. அன்னைக்கு மூணு பேர் இருந்தாங்கல்ல, இன்னைக்கு அந்தம்மா மட்டும்தான். நேரா கேட்டாங்க, அன்னைக்கு நீங்க போட்டிருந்தது யாரோட கோட்டுன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கடைக்கு வந்த கோட்டு, ஆள் வந்து வாங்கலை, நான் போட்டுட்டு வந்தது தப்புன்னு சொன்னேன். நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. எழுந்து ஓடிடலாம்னு இருந்துச்சு."

"அப்புறம்?"

"யாரு எடுத்துக் கொடுத்தாங்கன்னு கேட்டாங்க."

நான் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. கவுண்டரில் கிடந்த ரசீதுகளை அடுக்கினேன்.

"நானேதான் எடுத்தேன்னு சொல்லிட்டேன்," என்றாள்.

"இருமினீங்களா?"

"இல்ல." அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். "வந்து விழுந்துடுச்சு. சரி, சொல்லி அனுப்புறோம்னாங்க. அவ்வளவுதான். கிடைக்காதுடி. யாரு கொடுப்பாங்க?"

அப்படிச் சொல்லிவிட்டு ஏப்ரனைக் கட்டிக்கொண்டு பின்னறைக்குப் போனாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதுதான் உண்மை. அந்த நிம்மதி ஒரு மணி நேரம் நீடித்தது. பிறகு சாப்பிட உட்கார்ந்தேன், சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கடை ஃபோன் அடித்தது. முதலாளி காலையில் இரண்டு மணி நேரம்தான் கடையில் இருப்பார். அந்த நேரம் எனக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து பில்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எடுத்தேன். ஹோட்டலிலிருந்து பேசுகிறேன் என்றது ஒரு பெண் குரல். அவசரமில்லாத குரல். கண்ணாடிக்கார அம்மா என்று உடனே தெரிந்துவிட்டது.

"உங்க கடையில கறை எடுக்கிறவங்க விஷயமா ஒண்ணு கேட்கணும். நீங்க கவுண்டர்ல இருக்கிறவங்களா?"

"ஆமாங்க."

"ஆள் வராத துணியை எங்க வச்சிருப்பீங்க?"

"பின்னாடி. பூட்டி வச்சிருப்போம்."

"சாவி யார்கிட்ட?"

பேனா பின்னால் சரசரவென்று ஓடிக்கொண்டிருந்தது. "எங்கிட்டதாங்க."

"அவங்க தானே எடுத்ததா சொன்னாங்க. அப்போ பூட்டை உடைச்சாங்களா, இல்ல உங்களுக்குத் தெரியாம சாவியை எடுத்தாங்களா? ரெண்டுல எதுவா இருந்தாலும் நான் அவங்களை வேலைக்கு எடுக்க முடியாது. இங்கயும் பூட்டு இருக்கு, சாவி இருக்கு. அதான் கேக்குறேன்."

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய் மாதிரிகூட இருக்காது, வாயை மூடிக்கொள்வதற்கு ஒரு மரியாதையான பெயர். அந்த வார்த்தை நுனிநாக்கு வரை வந்துவிட்டது. வீடு, வாடகை, என் கணவரின் முகம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. பின்னறையில் அக்கா இருமிக்கொண்டிருந்தாள். தொடங்கினால் நிற்காத அந்த இருமல்.

"இல்லைங்க," என்றேன். குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "நான்தான் பூட்டைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அவங்க வேண்டாம்னுதான் சொன்னாங்க. டேக்கைக் கழட்டாம விட்டதும் நான்தான்."

என் பின்னால் பேனா நின்றுவிட்டது.

"சரி. பூட்டுல அவங்க கை வைக்கலை, எனக்கு அது போதும். திங்கட்கிழமை எட்டு மணிக்கு வரச் சொல்லுங்க. சீருடை இங்க கொடுத்துடுவோம்," என்றார் அந்த அம்மா. எனக்கு ஒரு நன்றியும் சொல்லவில்லை, வைத்துவிட்டார்.

நான் ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பாமல் நின்றேன்.

"எந்தக் கோட்டு?" என்றார் முதலாளி. கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிட்டால் பயம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.